தொலைதூர லாரி டிரைவர்கள் வழியில் நினைவுப் பொருட்கள் வாங்குவார்களா? என்னவெல்லாம் சேர்த்து வைத்திருப்பார்கள்?

வாங்குவோம். ஆனால் சுற்றுலா போகிறவர்கள் வாங்குகிற மாதிரி இல்லை. நாமக்கல்லில் இருந்து பல வருடம் வடக்கு லைன் ஓட்டியவன், இப்போது டயர் கடை வைத்திருக்கிறேன். என் அனுபவத்தில் வண்டி எந்த ஊரைத் தாண்டிப் போகிறது என்பது கணக்கே இல்லை. எங்கே நிற்கிறதோ அந்த ஊர்ப் பொருள்தான் வீட்டுக்கு வரும்.

ஆக்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் நாமக்கல் வழியாகவும் போகிறது, ஆக்ரா வழியாகவும் போகிறது. அப்படியும் தாஜ்மகாலைப் பார்க்காத டிரைவர்கள் எங்கள் பக்கம் நிறைய. பகலில் ஊருக்குள் லாரிக்கு நோ என்ட்ரி. லோடோடு வண்டியை ரோட்டில் விட்டுவிட்டுப் போகவும் மனசு வராது. டீக்கு நிறுத்துகிற இடத்தில் பேத்தா விற்பார்கள், அதை வாங்கிக்கொண்டு கிளம்புவதோடு ஆக்ரா முடிந்தது. பேத்தா என்றால் வெண்பூசணியைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் செய்கிற இனிப்பு. ஆயுத பூஜைக்கு லாரி முன்னால் உடைப்போமே, அதே காய். விஷயம் தெரிந்ததும் என் அம்மா, "திருஷ்டி சுத்தற காயைக் கொண்டாந்து திங்கச் சொல்றியாடா?" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். பேரப்பிள்ளைகள் தீர்த்துவிட்டார்கள். (வாங்கினால் காய்ந்த பேத்தாவாக வாங்குங்கள். பாகோடு இருப்பது கேபின் முழுக்க ஒழுகும், எறும்பு நாமக்கல் வரைக்கும் கூடவே வரும்.)

எங்கள் ஊர்ப் பையன்கள் அதிகம் கேட்பது காஷ்மீர் கிரிக்கெட் மட்டை. ஆப்பிள் சீசனில் லோடு ஏற்றப் போனால் எப்போது திரும்புவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜம்மு–ஸ்ரீநகர் ரோட்டில் மண் சரிந்துவிட்டால் காசிகுண்ட் பக்கம் லாரிகளை வரிசையாக நிறுத்திவிடுவார்கள். ஒரு நாளாகலாம், நாலு நாளாகலாம். வண்டியிலேயே சமையல், வண்டியிலேயே தூக்கம். அங்கிருந்து ஸ்ரீநகர் போகிற வழியில் சங்கம் என்று ஒரு ஊர் இருக்கிறது. ரோட்டின் இரண்டு பக்கமும் மட்டைக் கடைகள். மட்டை செய்கிற வில்லோ மரத்தை அறுத்து, கட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் காய வைத்திருப்பார்கள். பட்டறையிலேயே வாங்கினால் நம் ஊர்க் கடை விலையை விட நன்றாகவே குறையும். டென்னிஸ் பந்துக்கென்று எடை குறைந்த மட்டையும் கிடைக்கும். தெருப் பையன்களுக்கு அதுதான் வேண்டும். சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டால் வழியில் தொல்லை தராத சாமானும் அதுதான். கூடவே ஒரு கிலோ வால்நட். அதை ஊரில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை.

பானிபட் கம்பளி வாங்காத டிரைவர் குறைவு. பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து, நூலாக்கி, மறுபடி நெய்கிற ஊர் அது. அதனால் விலை மலிவு, கனமோ கனம். டிசம்பர் பனியில் கேபினுக்குள் அது இல்லாமல் படுக்க முடியாது. வீட்டுக்கும் ஒன்று கொண்டுபோனேன். "ஏனுங்க, நம்மூரு வெயில்ல இதைப் போத்திட்டு யாருங்க தூங்கறது?" என்றாள் வீட்டுக்காரி. இன்று வரை கீழே விரித்துப் படுக்கத்தான் பயன்படுகிறது.

ராஜஸ்தானில் கிஷன்கட் மார்பிள் லோடு என்றால் ஏற்றி முடிக்க நேரம் பிடிக்கும். கிளீனரைக் காவலுக்கு வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் அஜ்மீர் தர்காவுக்குப் போவோம், இன்னும் நேரம் இருந்தால் புஷ்கர் பிரம்மா கோவில். வரும்போது மார்பிளில் செய்த சப்பாத்திப் பலகை ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கனம்தான், ஆனால் கல் ஏற்றுகிற வண்டிக்கு அது ஒரு கனமா?

வீட்டுக்குப் போகாமல் வண்டியிலேயே தங்கிவிடுகிற சாமான்களைத்தான் நான் உண்மையான நினைவுப் பொருள் என்பேன். என் கேபினில் நாமக்கல் ஆஞ்சநேயர் படம், அதன் மேல் வைஷ்ணவ தேவி கோவிலின் ஜரிகை வைத்த சிவப்புத் துணி, கண்ணாடியில் அஜ்மீர் கயிறு, கியர் ராடில் பஞ்சாபில் வாங்கிய கடா (சீக்கியர்கள் கையில் போடுகிற இரும்பு வளையம்), வெளியே இரண்டு பக்கமும் கருப்புக் குஞ்சம். எந்தச் சாமி எந்த மதம் என்று அங்கே யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மலை இறக்கத்தில் எல்லாச் சாமியும் வேண்டும். ஓனர் வண்டியை விற்கும்போது டேப்பையும் ஸ்பீக்கரையும் விட்டுக்கொடுப்பார். இவற்றை மட்டும் நாங்கள் கழற்றிக்கொண்டுதான் இறங்குவோம்.

இப்போது ஓட்டுகிற பையன்கள் அவ்வளவாக எதுவும் கொண்டு வருவதில்லை. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் மாநில வரிச் செக்போஸ்ட்டுகளில் மணிக்கணக்கில் நிற்பது போய்விட்டது, அது நல்லதுதான். ஆனால் சரக்கோடு கொண்டுபோக வேண்டிய இ-வே பில் என்கிற ஆன்லைன் சீட்டு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். வண்டி எங்காவது நின்றால் ஓனர் ஜிபிஎஸ்ஸில் பார்த்துவிட்டுப் போன் போடுகிறார். பையன்கள் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்வதோடு சரி. காஷ்மீர் மட்டைக்கு மட்டும் இன்னும் குறை வரவில்லை. மண் சரிந்தால் ஓனரும் காத்திருக்கத்தான் வேண்டும்.