கடன் அடைத்த ரோயல்டி கம்பனி: கேட்டதும் சொன்னதும்

உப்புவெளி ஆசிரியை: கனிம ரோயல்டி கம்பனி கடனைக் கட்டி முடிச்சால் பங்கு வாங்க நல்ல நேரமாமே ஐயா?

தங்கச்சி, அமெரிக்காவில் நிலத்துக்குக் கீழ் உள்ள கனிமம் தனியாருக்கும் சொந்தமாகலாம். ரோயல்டி கம்பனி தோண்டாது. தோண்டுகிறவர் விற்பதில் அதற்கு ஒரு பங்கு கொடுப்பார். டீசல், சம்பளம் எல்லாம் அவர் தலையில். நேச்சுரல் ரிசோர்ஸ் பார்ட்னர்ஸ் அப்படி ஒன்று: நிலக்கரி ரோயல்டி, வயோமிங் மாநிலத்தில் கண்ணாடி செய்ய உதவும் சோடாச் சாம்பல் ஆலையில் 49 வீத உரிமை. கடன் நெரித்ததால் 2015இல் பங்குக்காரருக்குக் கொடுக்கும் பங்கீட்டைப் பெருமளவு வெட்டி, பிறகு வந்த காசில் பெரும்பகுதியைக் கடனுக்கே கொட்டியது.

கொப்பியில் எழுதிப் பாருங்கோ. வரவு 100, கடனுக்கு 60, கையில் 40. கடன் முடிந்தால் கையில் 100 என்று மனம் துள்ளும். நிலக்கரி விலை விழுந்து வரவு 55 ஆனால் கூடுவது 15 மட்டுமே. கடன் குறைவது காலாண்டு அறிக்கையில் எல்லோருக்கும் தெரிவதால் பங்கு விலை முன்னமே ஏறியிருக்கும்.

நான் வங்கியில் கடன் பகுதியில் இருந்தபோது ஒரு மீனவர் கடைசித் தவணையைக் கட்டினார். விரலில் செதில் ஒட்டியிருந்தது. ரசீதை மடித்துப் பையில் வைத்த கையோடு, பெரிய எஞ்சினுக்குப் புதுப் படிவம் கேட்டார். கம்பனிகளும் அப்படித்தான். இனி வரும் காசை என்ன செய்யப்போகிறார்கள் என்று பாருங்கோ. மண்ணுக்குள் எத்தனை வருஷத்துக்கு மிச்சம் என்றும் பாருங்கோ.

கிண்ணியா: இப்ப வாங்கலாமா சேர்?

மேலே உள்ள கணக்கை அந்தக் கம்பனியின் எண்களை வைத்துப் போடுங்கோ தம்பி.

புல்மோட்டை: எங்கட கரை மணலில் இல்மனைட் என்ற கனியம் எடுக்கினம். காணிக்காரருக்கு ரோயல்டி இல்லையா?

இல்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி கனியம் அரசுடையது, ரோயல்டியும் அரசுக்கே. அதை எடுக்கிற கனிய மணல் கம்பனியும் அரசுடையது.

சம்பூர்: நிலக்கரிக் காசு வேண்டாம் ஐயா. அனல்மின் நிலையம் வேண்டாமெண்டு நாங்கள் போராடின ஆக்கள்.

மூதூர்: நிலக்கரியில் வடிக்கிற உருக்கு இல்லாமல் கிண்ணியாப் பாலம் வந்திருக்குமா அக்கா?

சம்பூர்: பாலத்தைக் காட்டி எங்கட மூச்சை விலை பேசாதேங்கோ!

இரண்டு பேரும் பொறுங்கோ. அக்கா சொல்வது சரி. 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது ஊர் சனத்தின் உறுதியால்தான் என்று நான் நம்புகிறேன். நேச்சுரல் ரிசோர்ஸின் நிலக்கரி ரோயல்டி வரவில் பெரும்பங்கு உருக்காலைக்குப் போகும் நிலக்கரியில் வந்தது. அதையும் மறைக்க மாட்டேன். மனம் ஒப்பாவிட்டால் விடுங்கோ. தங்கம் பக்கம் பிராங்கோ நெவாடா என்ற ரோயல்டி கம்பனி கடனில்லாமல் நடந்தது. 2023 நவம்பரில் பனாமா உச்ச நீதிமன்றம் கோப்ரே பனாமா சுரங்க ஒப்பந்தத்தைச் செல்லாதாக்கியது, அங்கிருந்து அந்தக் கம்பனிக்கு வந்த வரவு நின்றது. கடனில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணாதேங்கோ.

நிலாவெளி: அப்ப இந்த மாசம் வாங்கலாமா?

இதே கேள்விக்குக் கிண்ணியாத் தம்பிக்குப் பதில் சொல்லிவிட்டேன். மண்ணுக்குள் மிச்சம் எவ்வளவு? முதலில் அதைப் பாருங்கோ.

தம்பலகாமம்: கனடாத் தம்பியின் பேரில் வாங்கலாமா?

அந்தப் பங்கு சட்டப்படி தம்பியுடையதாகிவிடும். இங்கிருந்து அனுப்புவதானால் 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் இருக்கிறது, வரம்புகள் மாறும். வங்கியில் எழுத்தில் கேளுங்கோ. உண்டியலில் அனுப்பவே வேண்டாம். நேச்சுரல் ரிசோர்ஸ் சட்டப்படி ஒரு பங்குடைமை (பார்ட்னர்ஷிப்). வெளிநாட்டவரின் பங்கீட்டில் 37 வீதம் வரி பிடிப்பார்கள்.