எர்த்தைப் பாருங்கள், அப்புறம் ஸ்பைக் கார்டு வாங்குங்கள்: ஆடியோ கேள்வி-பதில்

மழை தொடங்கியதும் கடிதங்களும் தொடங்கிவிட்டன. முக்கால்வாசி சர்ஜ், ஸ்பைக் (லைனில் வோல்டேஜ் திடீரென்று எகிறுவது), ஹம்மிங் (ஸ்பீக்கரில் உம்மென்ற இரைச்சல்) பற்றித்தான். ஸ்பைக் கார்டு என்றாலும் சர்ஜ் புரொடெக்டர் என்றாலும் கேட்பது ஒன்றைத்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: முந்நூறு ரூபாய்க்கு ஆறு பாயின்ட் ஸ்பைக் கார்டு வாங்கினேன். சிவப்பு விளக்கு நன்றாக எரிகிறது. என் ஆம்ப்ளிஃபயர் பத்திரம்தானே? (பழைய வண்ணாரப்பேட்டை)

விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணய அளவில், பெரும்பாலும் நீல நிறத்தில், இரண்டு கால் வைத்த வட்டத் தட்டு இருந்தால் அதுதான் எம்.ஓ.வி., ஸ்பைக்கைப் பிடித்து நிறுத்துகிற பாகம். அதன் மேல் 431 அல்லது 471 என்ற எண் (430, 470 வோல்ட் என்று அர்த்தம்) இருந்தால் நம் லைனுக்குப் பொருத்தமானது. கூடவே, சூடேறினால் அறுந்துவிடுகிற தெர்மல் ஃபியூஸ் ஒன்றும் இருக்க வேண்டும். ஒவ்வொரு அடி வாங்கும்போதும் எம்.ஓ.வி. கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், தேய்ந்த எம்.ஓ.வி. சூடாகும், ஃபியூஸ் இல்லாவிட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. உள்ளே தட்டே இல்லையென்றால் நீங்கள் வாங்கியது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மலிவு பாக்ஸ்களில் இது சகஜம்.

கே: சர்ஜ் புரொடெக்டர் போட்டால் பேஸ் குறைந்துவிடும், பாட்டில் உயிர் இருக்காது என்கிறார் நண்பர். உண்மையா? (திருவொற்றியூர்)

இல்லை. எம்.ஓ.வி. லைனுக்குக் குறுக்கே பேரலலாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற கரண்ட் அதன் வழியாகப் போவதே கிடையாது. நம் 230 வோல்ட்டின் உச்சி சுமார் 325. எம்.ஓ.வி. 430ஐ நெருங்கும்போதுதான் கண் விழிக்கும், பெரிய ஸ்பைக்கை 700 வாக்கில் பிடித்து நிறுத்தும். மற்ற நேரமெல்லாம் அதில் கசிவது மைக்ரோ ஆம்பியர் கணக்கு. அதற்கும் உங்கள் பேஸுக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் நண்பரை முழுக்க முட்டாளாக்க வேண்டாம். சில பாக்ஸ்களில் லைனோடு தொடராக (சீரீஸில்) ஃபில்டர் சோக் என்ற கம்பிச்சுருள் இருக்கும்; கரண்ட் அதன் வழியாகத்தான் போகும். அது இரண்டு மூன்று ஆம்பியருக்கான சின்ன சோக்காக இருந்து, நீங்கள் பெரிய பவர் ஆம்ப்ளிஃபயரை மாட்டினால், டிரம்ஸ் அடிக்கும் இடத்தில் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஒல்லி ஒயர் போட்ட பாக்ஸும் அப்படியே. கடலோரத்தில் இன்னொரு சங்கதி, உப்புக்காற்று. பித்தளைப் பின் பச்சை பூத்து, சாக்கெட் தளர்ந்து, கை வைத்தால் சுடுகிற பிளக்கை வைத்துக்கொண்டு புரொடெக்டரைக் குறை சொல்பவர்கள் அதிகம். பின்னைச் சுத்தம் செய்யுங்கள், தளர்ந்த சாக்கெட்டை மாற்றுங்கள், பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு 16 ஆம்பியர் பாயின்ட் கொடுங்கள். அதற்குப் பிறகும் நண்பர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால், புரொடெக்டர் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குச் சொல்லாமல், அதே வால்யூமில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுங்கள்.

கே: இடி மின்னலுக்கு சர்ஜ் புரொடெக்டர் போதுமா? (எர்ணாவூர்)

போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள். கேபிள் டிவி ஒயரையும் லேன் ஒயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள்; பாதி நேரம் அடி அந்த வழியாகத்தான் வருகிறது.

கே: ஆம்ப்ளிஃபயரில் ஹம்மிங் இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டார். ஹம்மிங் நின்றது. இப்போது ஆம்ப்ளிஃபயரைத் தொட்டால் சுர்ரென்கிறது. சர்ஜ் புரொடெக்டர் மாட்டினால் சரியாகுமா சார்? (ராயபுரம்)

ஆகாது. முதலில் அந்தப் பிளக்கை மாற்றுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

மாற்றியாயிற்றா? சரி. பல செட்களின் பவர் சப்ளையில் லைனிலிருந்து உலோகப் பெட்டிக்குச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இருக்கும்வரை அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். எர்த் போனால் பெட்டி பாதி வோல்டேஜில், அதாவது 110 வாக்கில் மிதக்கும். கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால் இப்போதைக்குச் சுர்ரென்பதோடு நிற்கிறது. நாளைக்கு டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போனால் முழு 230ம் பெட்டிக்கு வரும். வால்யூம் குமிழைத் திருப்புவது உங்கள் வீட்டுக் குழந்தையாகக்கூட இருக்கலாம்.

புரொடெக்டர் விஷயத்துக்கு வருவோம். நல்ல பாக்ஸில் மூன்று எம்.ஓ.வி. இருக்கும்: ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த். எர்த் இல்லையென்றால் மூன்றில் இரண்டு சும்மா அலங்காரம். அதைவிட மோசம், பாக்ஸுக்குள் எல்லா எர்த் பின்களும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. சுவர் எர்த் செத்துப்போன வீட்டில், ஒரு செட்டில் ஷார்ட் ஆனால் அந்த பாக்ஸில் இருக்கிற எல்லா செட்டின் உடம்பிலும் கரண்ட் ஏறும்.

ஹம்மிங்குக்கு வேறு வழி இருக்கிறது. பெரும்பாலும் அது கிரவுண்ட் லூப். ஆம்ப்ளிஃபயர் உங்கள் வீட்டு எர்த்தில் நிற்கிறது, கேபிள் டிவி ஒயரின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றிய உலோக வலை) எங்கோ கம்பத்தில் இன்னொரு எர்த்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உங்கள் ஆடியோ ஒயர் மாட்டிக்கொள்கிறது. செட்-டாப் பாக்ஸிலிருந்து கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ஹம்மிங் நின்றால் குற்றவாளி அதுதான். சிக்னலை விட்டுவிட்டு எர்த் தொடர்பை மட்டும் பிரிக்க, அந்த ஒயருக்கு ஓர் ஐசொலேட்டர், அல்லது ஆடியோ ஒயரில் ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எல்லா செட்டையும் ஒரே போர்டிலிருந்து எடுத்தால் பாதி ஹம்மிங் தானாகவே அடங்கும். பின்னை வெட்டுவது தலைவலிக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம்.

இந்த எர்த் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், திரும்பத் திரும்ப எழுதியும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவைத்திருப்பார்கள். இரும்புக் குழாய் மண்ணுக்குள் ஓடிய காலத்தில் அது ஏதோ வேலை செய்தது. பிறகு பாத்ரூமைப் புதுப்பித்தபோது பிளம்பர் பி.வி.சி. போட்டார். எர்த் அன்றோடு போயிற்று, கரண்ட் மட்டும் வழக்கம்போல வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. தனியாக எர்த் பைப் இறக்கிய வீடுகளிலும் மண்ணில் உப்பு அதிகம். மேலே கிளாம்பைத் தட்டினால் துருவாக உதிர்கிறது.

எல்லாவற்றிலும் கொடுமை, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயர் போட்டுவிடுவது. டெஸ்ட் லாம்ப் பிரகாசமாக எரியும், வீட்டுக்காரருக்குத் திருப்தி, எலக்ட்ரீஷியனுக்குக் கூலி. என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபேஸ் நேராக ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு வரும். இந்தத் துண்டு ஒயரால் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) விழுந்துகொண்டே இருக்கிறது என்று ஆர்.சி.சி.பி.யையே எடுத்துவிட்ட வீடுகளும் உண்டு.

கண்டுபிடிப்பது சுலபம். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். ஃபேஸ்-எர்த் 230 வாக்கில் இருக்க வேண்டும். நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்கலாம். இப்போது அதே லைனில் இஸ்திரிப் பெட்டியைப் போடுங்கள். நியூட்ரல்-எர்த் அளவு கொஞ்சமாவது அசைய வேண்டும். அசையாமல் சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால் உள்ளே துண்டு ஒயர் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். மெயினை நிறுத்திவிட்டு சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். புதிய எர்த் ராடு இறக்கினால் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, ஐந்து ஓமுக்குள் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். இவ்வளவும் முடிந்த பிறகு புரொடெக்டர் பற்றி எனக்கு எழுதுங்கள்.

கே: அமெரிக்காவிலிருந்து மகன் நல்ல சர்ஜ் புரொடெக்டர் கொண்டுவந்திருக்கிறான். பிளக் கன்வெர்ட்டர் போட்டு மாட்டலாமா? (பெரம்பூர்)

வேண்டாம். அது 120 வோல்ட் லைனுக்கானது, உள்ளே இருப்பது 130, 150 வோல்ட் எம்.ஓ.வி. இங்கே மாட்டினால் உடனே புகையும். கன்வெர்ட்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல.

கே: சார் என் செட் போயிடுச்சு, என்ன பண்ணலாம்? (ஊர் இல்லை)

என்ன செட்? எப்போது போனது? புகை வந்ததா, சத்தம் வந்ததா, விளக்காவது எரிகிறதா? ஜோசியரிடம்கூடப் பிறந்த நேரம் சொல்ல வேண்டும். விவரத்தோடு எழுதுங்கள்.

கே: ஒரு சாயங்காலம் பல்புகள் பளபளவென்று எரிந்தன, ஃபேன் பறந்தது. பத்து நிமிஷத்தில் புரொடெக்டர் கருகி ஆம்ப்ளிஃபயரும் போய்விட்டது. புரொடெக்டர் டூப்ளிகேட்டா? (கொடுங்கையூர்)

அப்படிச் சொல்ல முடியாது. சர்ஜ் என்பது மைக்ரோ செகண்ட் சமாச்சாரம். உங்கள் வீட்டில் நடந்தது நியூட்ரல் கோளாறு போலிருக்கிறது. எங்காவது நியூட்ரல் அறுந்தால், லோடு குறைவான ஃபேஸில் 300, 350 என்று ஏறி அப்படியே நிற்கும். 400ஐ நெருங்கவும் செய்யும். பத்து நிமிஷம் அதைத் தாங்குவது எம்.ஓ.வி.யின் வேலை இல்லை, அது கருகத்தான் செய்யும். இதற்கு வேண்டியது ஓவர் வோல்டேஜில் லைனைத் துண்டிக்கிற ரிலே. மெயின் போர்டிலேயே பொருத்தலாம். 270 வாக்கில் வெட்டி, வோல்டேஜ் சரியான பிறகு கொஞ்ச நேரம் கழித்துத் தானே சேர்க்கும். ஹை-கட் உள்ள ஸ்டெபிலைசரும் உதவும். அடுத்த முறை பல்பு அப்படி எரிந்தால் வேடிக்கை பார்க்காமல் உடனே மெயினை நிறுத்திவிட்டு ஈ.பி.க்குச் சொல்லுங்கள்.

கே: சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். ஆடி மாசம் கூழ் ஊற்றும் திருவிழாவில் ஜெனரேட்டருக்கு மாற்றும்போது ஒரு மிக்சர் போய்விட்டது. (வியாசர்பாடி)

ஜெனரேட்டர் கிளம்பின உடனே லோடு கொடுக்காதீர்கள். வோல்டேஜ் நிலைக்கட்டும். அப்புறம் மிக்சர், கடைசியில் ஆம்ப்ளிஃபயர். நிறுத்தும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். த்ரீ ஃபேஸ் எடுத்தால் நியூட்ரலை முதலில் கட்டுங்கள், கடைசியில் அவிழுங்கள். ஒயர் முனையில் லக் (உலோக வளையம்) போட்டு நட் முடுக்கிக் கட்ட வேண்டும், ஒயரை முறுக்கிச் சொருகினால் போதாது. சீரியல் லைட்காரர் தன் லோடைக் கூட்டிக் குறைக்கும்போது ஆடப்போவது உங்கள் நியூட்ரல்தான். மேலே கொடுங்கையூர்க்காரருக்கு எழுதியதையும் படியுங்கள். எர்த் ராடு இல்லாமல் ஜெனரேட்டரை ஓட விடாதீர்கள், மழை நேரத்தில் மைக் பிடிப்பவரின் கை ஈரமாக இருக்கும்.

கே: ஃபிரிட்ஜ் ஆன் ஆகும்போதெல்லாம் ஸ்பீக்கரில் டக் என்கிறது. (தண்டையார்பேட்டை)

ஸ்விட்ச் முனையில் பறக்கும் பொறி அது. ஃபிரிட்ஜையும் ஆடியோவையும் வேறு வேறு சர்க்யூட்டில் வையுங்கள். அப்படியும் வந்தால், பொறி பறக்கிற கான்டாக்டுக்குக் குறுக்கே, பொறியை அடக்குகிற ஸ்னப்பர் ஒன்று போடச் சொல்லுங்கள், 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராக. கெப்பாசிட்டர், மெயின் லைனில் போடுவதற்கென்றே செய்யப்படும் எக்ஸ்2 ரகமாக, 275 வோல்ட் ஏ.சி. போட்டதாக இருக்க வேண்டும். வேறு எதையும் லைனில் போடாதீர்கள்.

கே: கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஆம்ப்ளிஃபயர் உறுமுகிறது. புரொடெக்டர் காரணமா? (மணலி)

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் ஆக இருக்கும். சைன் வேவ் வாங்குங்கள், அல்லது கரண்ட் வரும்வரை பாட்டை நிறுத்துங்கள்.

கே: பாயின்டுக்கு ஒன்று வாங்குவதற்குப் பதிலாக, வீட்டுக்கே மொத்தமாக ஒரு சர்ஜ் புரொடெக்டர் போட முடியுமா? (எண்ணூர்)

முடியும். டைப் 2 எஸ்.பி.டி. (சர்ஜ் புரொடெக்ஷன் டிவைஸ்) என்று கேளுங்கள், மெயின் போர்டில் உட்காரும். அதற்குப் போகும் ஒயர்கள் நேராகவும் குட்டையாகவும், அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். சுற்றி வளைத்துக் கொண்டுபோனால் ஸ்பைக் நேரத்தில் அந்த ஒயரிலேயே வோல்டேஜ் விழும், அதுவும் சேர்ந்து உங்கள் செட்டுக்கு வரும். ஆடியோ பக்கத்தில் ஒரு நல்ல பாக்ஸும் இருக்கட்டும். எர்த் சரியாக இருந்தால் மட்டுமே இதெல்லாம். எஸ்.பி.டி.யின் ஜன்னல் பச்சையாக இருக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்கும் பிறகு ஒரு பார்வை பாருங்கள். சிவப்பானால் பல மாடல்களில் கார்ட்ரிட்ஜை மட்டும் உருவி மாற்றலாம், மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.