ரிஜிஸ்டர் திருமணம் செய்தவரின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாதா?

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண், கணவர் இந்து. வீட்டில் சம்மதிக்காததால் நான்கு ஆண்டுகளுக்கு முன் ரிஜிஸ்டர் ஆபீஸில் திருமணம் செய்துகொண்டோம். அண்ணன் இப்போதும் பேசுவதில்லை. மகனுக்கு இரண்டு வயது. ஞானஸ்நானம் கேட்டுப் போனால், "முதலில் கல்யாணத்தைக் கோயிலில் மந்திரித்துவிட்டு வாருங்கள், அதற்கு மாப்பிள்ளை மதம் மாறணும்" என்கிறார் பங்குத்தந்தைக்கு உதவும் உபதேசியார். கணவர் மாறமாட்டார். ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் வேறு சபையிலிருந்து சர்டிபிகேட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நான் திருச்சபைக்கு வெளியே போய்விட்டேனா?

பதில்: போகவில்லை. பூசைக்குப் போகலாம், ஜெபிக்கலாம், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்கலாம். திருமணம் சரியாகும்வரை நன்மை (நற்கருணை) வாங்க முடியாது, அவ்வளவுதான். "சபை நீக்கம்" என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உபதேசியார் இரண்டு விஷயங்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். பிள்ளையின் ஞானஸ்நானம் வேறு, உங்கள் திருமணம் வேறு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 868-ஆம் பிரிவு கேட்பது இரண்டே: பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்று நம்ப இடம் இருக்க வேண்டும். பெற்றோரின் கல்யாணப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லாவிட்டால் தள்ளிப்போடலாம், ஏன் என்று பெற்றோருக்குச் சொல்லிவிட்டு. "கிடையாது" என்று கதவைச் சாத்த முடியாது. ஆகவே உபதேசியாரைத் தாண்டிப் பங்குத்தந்தையை நேரில் பாருங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதன் மாலையில் போங்கள், உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

அடுத்து அந்த 15,000 ரூபாய். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆட்கள் பெருகிவிட்டார்கள். ஞானஸ்நான சர்டிபிகேட் என்பது பங்கு அலுவலகத்து இரும்பு அலமாரியில் கிடக்கும் பெரிய பதிவேட்டின் ஒரு வரிக்கு நகல். அந்த ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஓரத்தில் ஓர் இடம் காலியாக விட்டிருக்கும். ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் சடங்கு நடந்தால் அங்கே எழுதுவார்கள். இருபது, முப்பது வருஷம் கழித்து எங்கோ ஓர் ஊரில் கல்யாணம் ஆனால் அந்தப் பங்கிலிருந்து தகவல் வந்து, வேறொரு கையெழுத்தில், வேறொரு மையில் அதே ஓரத்தில் ஏறும். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும் முன், அதாவது கோயிலில் கல்யாண அறிவிப்புச் செய்யும் முன், வழக்கமாக ஆறு மாதத்துக்குள் எடுத்த புது நகல் கேட்பது அந்த ஓரத்தைப் பார்க்கத்தான். புரோக்கர் உங்களுக்குத் தருவது நகல், ஆனால் மூலம் இல்லாத நகல். என்னிடம் ஒரு பையன் வந்தான், பத்திரிகை அடித்து, மண்டபமும் பிடித்தாயிற்று. சர்டிபிகேட்டில் இருந்த முகவரிக்கு ஆள் அனுப்பினோம். ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை, அதுவும் காலி. ஏடும் இல்லை, போதகரும் இல்லை. அவனுக்குத் தண்ணீர் ஊற்றினார்களா இல்லையா என்பதை அவன் பாட்டியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்த வேலை உங்கள் மகனுக்கு வேண்டாம்.

இப்போது உங்கள் திருமணம். கணவர் மதம் மாறத் தேவையே இல்லை. ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்க ஆயரின் (பிஷப்பின்) விதிவிலக்கு வேண்டும், விண்ணப்பத்தைப் பங்குத்தந்தை அனுப்புவார். என் விசுவாசத்தை விட்டுவிட மாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னாலானதைச் செய்வேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் மட்டும். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இருவரும் கொடுக்க வேண்டியிருந்தது. 1970-ல் பாப்பரசர் ஆறாம் பவுல் அதை மாற்றிவிட்டார். உங்கள் வாக்குறுதி கணவருக்குத் தெரிந்திருந்தால் போதும். ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் பழைய பாடத்தையே ஒப்பிக்கிறார்கள் என்றால் யாரை நொந்துகொள்வது?

அதற்கு முன் ஒரு காரியம். வீட்டுக்குப் போய் உங்கள் திருமணச் சான்றிதழை எடுத்து, எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள். "சிறப்புத் திருமணச் சட்டம், 1954" என்றிருந்தால் நிம்மதி. "இந்து திருமணச் சட்டம், 1955" என்றிருந்தால் சிக்கல். சிறப்புச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஓடிவரும் பிள்ளைகளிடம் சார்பதிவாளர் அலுவலக வாசல் புரோக்கர், "ஒரே நாளில் முடிச்சிடலாம்" என்று பக்கத்து இந்துக் கோயிலில் மாலை மாற்ற வைத்து, கிறிஸ்தவப் பெண்ணை இந்து என்று எழுதிப் பதிந்துவிடுவார். இந்து திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு மட்டும்தான். ஒரு கத்தோலிக்கர் இந்துப் பெண்ணை இந்துக் கோயிலில் தாலி கட்டி இதே சட்டத்தில் பதிந்த வழக்கில், அந்தத் திருமணம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாளைக்குச் சொத்து, பென்ஷன் என்று வரும்போதுதான் இது வெடிக்கும். உங்களுடையதும் அப்படி இருந்தால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, புரோக்கர் இல்லாமல் நீங்கள் இருவருமே போய்ச் சிறப்புச் சட்டத்தில் மனுக் கொடுங்கள்.

கணவர் கோயில் பீடத்தின் முன் நிற்கவே மாட்டேன் என்றால்? இதற்கும் வழி உண்டு. பல பங்குகளில் இதைச் சொல்வதே இல்லை. "சனாத்சியோ இன் ராதீச்சே" என்று லத்தீனில் பெயர், வேரிலேயே குணமாக்குவது என்று பொருள். நீங்கள் இருவரும் அன்று கொடுத்த சம்மதம் இன்றும் அப்படியே இருக்கிறது, இனியும் சேர்ந்து வாழத்தான் போகிறீர்கள் என்றால், புதிதாகச் சடங்கு எதுவும் இல்லாமல் ஆயர் ஒரு ஆணையால் அந்தத் திருமணத்தைச் செல்லுபடியாக்கலாம். பூசை, ஓலை, மாலை, மோதிரம் எதுவும் கிடையாது. உங்கள் வாக்குறுதி மட்டும் இதற்கும் வேண்டும். ஆணை வந்த நாளிலிருந்து திருமணம் செல்லும். அதன் பலன்கள் முதல் நாளுக்கே பின்னோக்கிப் போகும். கையெழுத்தானதும் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கலாம். ஆனால் கவனியுங்கள்: இது திருச்சபைக் கணக்கை மட்டும்தான் நேர் செய்யும், அரசாங்கக் கணக்கைத் தொடாது. சான்றிதழில் இந்து திருமணச் சட்டம் என்றிருந்தால் முதலில் சார்பதிவாளர், பிறகு ஆயர். கேட்டால் "அதெல்லாம் ரொம்ப அபூர்வம்" என்பார்கள். அபூர்வமாக இருப்பது யாரும் விண்ணப்பம் எழுதாததால். எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் மறைமாவட்ட அலுவலகத்துக்கு நீங்களே எழுதலாம்.

காணிக்கை கேட்பார்கள். மறைமாவட்டம் நிர்ணயித்ததைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்பாவின் கோயில் வரி பாக்கி, ஊர்க் கமிட்டி என்று இழுத்தால், திருச்சபைச் சட்டத்தின் 848-ஆம் பிரிவு என்று மெதுவாகச் சொல்லுங்கள். நிர்ணயித்ததற்கு மேல் கேட்கக் கூடாது என்றும், வறுமையால் எவருக்கும் தேவதிரவிய அனுமானங்கள் (ஞானஸ்நானம், திருமணம் போன்றவை) கிடைக்காமல் போகக் கூடாது என்றும் அங்கே எழுதியிருக்கிறது.

ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் ஞானஸ்நான நகலையும் கொண்டுபோங்கள். அன்று பிள்ளையைக் கணவரே தூக்கி வைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தையாக மட்டும் நிற்க முடியாது. அதற்கு 16 வயது நிரம்பிய, உறுதிபூசுதல் பெற்ற ஒரு கத்தோலிக்கர் வேண்டும். உங்கள் அண்ணனைக் கேட்டுப் பாருங்களேன்.