மான் முதல் மூஸ் வரை: ஒரே ரைஃபிள் வாங்குவதென்றால் எது?

வட அமெரிக்காவில் மான், எல்க், மூஸ் (இரண்டும் மான் இனத்துப் பெரிய விலங்குகள்), கருங்கரடி எல்லாவற்றையும் வேட்டையாட ஒரே ரைஃபிள்தான் வாங்க முடியும் என்றால், என் பதில் .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டாவுக்கான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடியை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை.

1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா இது. பழசுதான், ஆனால் துப்பாக்கியை மாற்றாமல் குண்டின் எடையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே இதன் பலம். மானுக்கு 150 கிரெயின், அதாவது சுமார் 9.7 கிராம் குண்டு போதும். எல்க், மூஸ் போன்ற பெரிய உடம்புக்கு 180 கிரெயின் எடுங்கள். அது தடித்த தசையையும் எலும்பையும் தாண்டி உள்ளே போக வேண்டும் என்பதால் எளிதில் சிதறாத வகையாக இருக்கட்டும். எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும், ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) மறுபடி சரிபார்க்காமல் காட்டுக்குப் போகாதீர்கள்.

.300 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டா இன்னும் வேகமானதுதானே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் தோளில் விழும் உதையும் அதிகம். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவருக்கு அந்த வேகத்தால் என்ன லாபம்? உதை இன்னும் குறைவாக வேண்டுமென்றால் .308 வின்செஸ்டர் தோட்டாவைப் பாருங்கள்.

ஆப்பிரிக்காவில் காட்டெருமை வேட்டை என்றால் கணக்கே வேறு. அங்கே பல நாடுகளில் குண்டின் விட்டம் .375 அங்குலத்துக்குக் குறைந்த துப்பாக்கியைச் சட்டமே அனுமதிப்பதில்லை.