மூலையில் போய் நின்றவர்

அன்புள்ள சார்,

நலமா? போன மாதம் எழுதிய கட்டுரையில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் 2016 பைனல்ஸ் ஏழாவது ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து எதிரணி இகுவோடாலாவின் பந்தைப் பலகையோடு சேர்த்து அறைந்ததைச் சொல்லி, ‘நெருக்கடியில் இவரை நம்பலாம்’ என்று முடித்திருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான் கல்லூரி அணியில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவளாக, ஆடியவள். இப்போது வேலை பார்க்கும் இடத்து அணிக்கு ஆடுகிறேன். வீட்டில் எனக்கும் தம்பிக்கும் வருஷக்கணக்காக இதே சண்டைதான். அவன் லெப்ரான் பக்தன், நான் மைக்கேல் ஜோர்டன் கட்சி. ஜோர்டன் ஆறு பைனல்ஸ் ஆடினார், ஆறிலும் ஜெயித்தார். லெப்ரான் பத்து ஆடி நான்குதான். 2011 பைனல்ஸில் மயாமிக்காக டாலஸிடம் அவர் ஆடியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒரு மேட்ச்சில் எட்டே பாயிண்ட்! தம்பி லெப்ரான் ஜெயித்த 2012 என்பான், 2016 என்பான். ஒரு தடவை பயந்தவன் எப்போதும் பயந்தவன்தான் என்பது என் வாதம்.

இதைக் கேட்க இன்னொரு காரணமும் இருக்கிறது. சமீபத்தில் ஒரு போட்டியில் கடைசி நிமிஷத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு, விழுந்தால் தலா ஒரு பாயிண்ட்) கிடைத்தது. இரண்டையும் விட்டேன். ஒரு பாயிண்டில் தோற்றோம். அதிலிருந்து ஆட்டம் இறுக்கமாக இருந்தால் கடைசி ஐந்து நிமிஷம் கோச் என்னை வெளியே உட்கார வைத்துவிடுகிறார். நெருக்கடியில் நிற்பது பிறவியிலேயே வருகிற குணமா?

நித்யா
கோவை

அன்புள்ள நித்யா,

2011 ஜூனில் லெப்ரான் சொதப்பினார். இதில் நான் உங்கள் கட்சி. அந்த சீசனில் ஆட்டத்துக்கு 26.7 பாயிண்ட் போட்டவர், டாலஸுக்கு எதிரான ஆறு ஆட்டங்களில் 17.8க்கு இறங்கினார். ஆறு ஆட்டங்களின் கடைசிக் கால் பகுதியான நான்காவது குவார்ட்டர்களையும் கூட்டினால் மொத்தமே 18 பாயிண்ட். நீங்கள் சொன்ன அந்த எட்டு பாயிண்ட் ஆட்டத்தில் எதிரணியின் டர்க் நொவிட்ஸ்கி 101 டிகிரி காய்ச்சலோடு வந்து ஜெயித்துவிட்டுப் போனார்.

அந்தத் தொடரைக் காலை ஆறரை மணிக்குப் பல்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்து பார்த்தவன் நான். எண்களை மறந்தாலும் லெப்ரான் நின்ற இடம் மறக்கவில்லை. பந்தை அணித்தோழர் வேட் கொண்டுவருவார், இவர் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். தப்பித்தவறிப் பந்து கைக்கு வந்தால், அடுப்பிலிருக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தொட்டவர் மாதிரி உடனே அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். எறிந்து தவறவிட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். அவர் எறியவே இல்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிடுவார்களோ என்று தூணுக்குப் பின்னால் போய் நிற்கும் பையன் மாதிரி நின்றார்.

‘ஒரு தடவை பயந்தவன் எப்போதும் பயந்தவன்’ என்ற இடத்தில்தான் உங்களோடு சேர முடியவில்லை. அதற்கு நான்கு வருஷம் முன்பு, 2007 மே 31, டெட்ராய்ட். பைனல்ஸுக்கு முந்தைய சுற்றான கிழக்குப் பிரிவு இறுதியின் ஐந்தாவது ஆட்டம். லெப்ரானுக்கு அப்போது 22 வயது. ஆட்டம் சமனாகி இரண்டு ஓவர்டைம் (கூடுதல் நேரம்) போனது. அப்போதைய அவர் அணியான கிளீவ்லேண்டின் கடைசி 30 பாயிண்டில் 29 அவர் போட்டது, அதிலும் கடைசி 25 வரிசையாக அவருடையது. மொத்தம் 48. ஊரே எதிர்த்துக் கத்தும் அரங்கத்தில், ஒவ்வொரு முறையும் பந்து அவரிடம்தான் வரும் என்று எதிரணியின் ஐந்து பேருக்கும் தெரிந்திருந்தபோது போட்டது. பயம் பிறவிக் குணம் என்றால் அந்தப் பையனை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

டாலஸ் செய்த காரியம் ரொம்ப எளிமையானது. ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் ஜோன் டிஃபன்ஸைக் கலந்து ஆடி, கூடைக்குப் போகும் வழியில் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். வெளியிலிருந்து எறி என்று விட்டுவிட்டார்கள். நேராக முட்டிக்கொண்டு உள்ளே போவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் அந்த வழி அடைத்துவிட்டால் அப்போது அவரிடம் இரண்டாவது வழி இல்லை. சில சமயம் ஜே.ஜே. பரேயா வந்து அவரைக் காத்தார். பரேயா ஆறடி என்று பட்டியலில் இருக்கும், அதுவும் தாராள மனசோடு போட்ட ஆறடி. இவரோ ஆறடி எட்டு அங்குலம், எடை நூறு கிலோவுக்கு மேல். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தை வாங்கி, இரண்டு இடி இடித்துத் திரும்பினால் போதும். அதைச் செய்யவில்லை. செய்யத் தெரியவில்லை என்பதே சரி. தெரியாத வேலையை உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்யச் சொன்னால் நாமும் தூணைத் தேடித்தான் போவோம்.

அந்தக் கோடையில் அவர் ஹூஸ்டனுக்குப் போய் ஹக்கீம் ஒலாஜுவானிடம் பாடம் கேட்டார். கூடைக்கு முதுகைக் காட்டி ஆடும் வித்தையில் ஒலாஜுவானைவிடப் பெரிய வாத்தியார் கிடையாது. அடுத்த வருஷம் ஜூன் 7, பாஸ்டன். நான்கு ஜெயித்தால் முடியும் தொடரில் மயாமி 2-3 என்று பின்தங்கியிருக்கிறது, தோற்றால் வீடு. லெப்ரான் 45 பாயிண்ட், 15 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது). முதல் பாதியிலேயே 30. அந்தப் பைனல்ஸையும் ஜெயித்தார்கள். இடையில் அவருக்கு யாரும் புது நெஞ்சு வைத்துத் தைக்கவில்லை. ஆட்டத்தில் இருந்த ஓட்டை அடைபட்டது. கடைசி நிமிஷம் என்பது ஒழுகும் கூரைக்கு மழை மாதிரி. வெயில் காலத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

உங்கள் ‘ஆறுக்கு ஆறு’ கணக்குக்கு வருகிறேன். ஜோர்டன் 1984இல் உள்ளே வந்தார், முதல் பட்டம் 1991இல். 1988, 89, 90 என்று மூன்று வருஷம் வரிசையாக டெட்ராய்டிடம் உதை வாங்கினார். அவையெல்லாம் பைனல்ஸுக்கு முந்தைய சுற்றுகள் என்பதால் உங்கள் கணக்கில் வருவதில்லை. லெப்ரான் 2007இல் ஒரு சுமாரான அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு பைனல்ஸ் வரைக்கும் வந்து சான் அன்டோனியோவிடம் 0-4 என்று தோற்றார், அது கரும்புள்ளியாக நிற்கிறது. வாசலோடு திரும்பியவனுக்குத் தண்டனை இல்லை, பந்தியில் உட்கார்ந்தவனுக்குத்தான் எச்சில் இலை. ஆனால் ஒன்று: ஒரு பாயிண்ட் பின்தங்கியிருக்கும்போது இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தால் நான் ஜோர்டனைத்தான் அனுப்புவேன். அவர் நூற்றுக்கு 83 போட்டவர், லெப்ரான் எழுபது சொச்சம்தான். இதைத் தம்பியிடம் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

2013 ஜூன் 18, மயாமி, பைனல்ஸ் ஆறாவது ஆட்டம். இதை எத்தனை தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. சான் அன்டோனியோ 3-2 என்று முன்னால். 28 விநாடி பாக்கி, மயாமி ஐந்து பாயிண்ட் பின்னால். கோப்பை கொடுக்கும் விழாவுக்காக மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆள் வந்துவிட்டார்கள். ரசிகர்கள் சிலர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பியாயிற்று. லெப்ரான் ஒரு த்ரீ (தூரத்திலிருந்து எறியும் மூன்று பாயிண்ட் ஷாட்) எறிகிறார், தவறுகிறது. பந்து திரும்பக் கிடைக்கிறது, இன்னொன்று எறிகிறார், விழுகிறது. அந்தப் பக்கம் காவாய் லெனர்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்றை விடுகிறார். மூன்று பாயிண்ட் வித்தியாசம். லெப்ரான் மறுபடி த்ரீ எறிகிறார். தவறுகிறது.

இங்கே நிறுத்திப் பாருங்கள். கைகளுக்கு நடுவில் எம்பி அணித்தோழர் கிறிஸ் பாஷ் அந்த ரீபவுண்டைப் பிடிக்காமல் இருந்திருந்தால், ‘கடைசி ஷாட்டை விட்டவர்’ என்ற பட்டம் லெப்ரான் நெற்றியில் நிரந்தரமாக ஒட்டியிருக்கும். உங்கள் கடிதமும் வேறு வருஷத்தைச் சொல்லித் தொடங்கியிருக்கும். பாஷ் பிடித்தார், ரே ஆலனிடம் தள்ளினார், ஆலன் பின்னோக்கியே நடந்து வலது மூலைக்குப் போய், த்ரீ கோட்டைக் குனிந்தும் பார்க்காமல் எறிந்தார். 5.2 விநாடி பாக்கி, 95-95. ஓவர்டைமில் மயாமி ஜெயித்தது. ஒரு ஃப்ரீ த்ரோவை விட்ட லெனர்டை இன்றைக்கு யாராவது பயந்தாங்கொள்ளி என்கிறார்களா? அடுத்த வருஷமே பைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

ஆலன் அந்த ஷாட்டுக்கென்றே இளம் வயதிலிருந்து ஒரு பயிற்சி வைத்திருந்தார். கூடைக்கு அடியில் தரையில் படுப்பார். துள்ளி எழுவார். பின்னோக்கியே ஓடி மூலைக்குப் போவார், பந்தை வாங்கி எறிவார். பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்திருக்கும். அந்த ஐந்து விநாடியில் அவருக்குப் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. கோப்பையை எண்ணித்தான் துணிச்சலை அளக்க வேண்டும் என்றால் ஜெர்ரி வெஸ்டை என்ன செய்வது? என்.பி.ஏ. சின்னத்தில் இருக்கும் நிழலுருவம் அவருடையது. ‘மிஸ்டர் கிளட்ச்’ (நெருக்கடி நேரத்து மனிதர்) என்றே அவருக்குப் பெயர். கடைசி நேர ஆட்டக்காரருக்கென்று 2023 முதல் கொடுக்கும் விருதின் கோப்பைக்கும் அவர் பெயர்தான். அவர் ஆடிய பைனல்ஸ் ஒன்பது, தோற்றது எட்டு. 1969 பைனல்ஸின் ஏழாவது ஆட்டம், அவர் அணியின் ஊரான லாஸ் ஏஞ்சல்ஸில். ஜெயித்ததும் கொட்டுவதற்காகக் கூரையில் வலை கட்டி ஆயிரக்கணக்கில் பலூன் நிரப்பி வைத்திருந்தார் அணி முதலாளி. வெஸ்ட் தொடைத்தசைக் காயத்தோடு 42 பாயிண்ட், 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட் (கூடை விழ உதவிய பாஸ்). பாஸ்டன் இரண்டே பாயிண்டில் ஜெயித்தது. பலூன் கூரையிலேயே இருந்தது. அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதைத் தோற்ற அணியின் வெஸ்டுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அப்படி நடந்ததில்லை.

எல்லாம் பயிற்சி, நெஞ்சு என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆர்லாண்டோ அணியின் நிக் ஆண்டர்சன் கதை அதற்குக் குறுக்கே நிற்கிறது. 1995 மே மாதம் ஆர்லாண்டோவில் ஜோர்டனின் பின்னாலிருந்து கைவிட்டுப் பந்தைத் தட்டிப் பறித்தவர் இந்த ஆண்டர்சன். ஆமாம், ஜோர்டன் கடைசி விநாடிகளில் பந்தைப் பறிகொடுத்தார், சிகாகோ தோற்றது. அடுத்த மாதம் பைனல்ஸ் முதல் ஆட்டம், ஆர்லாண்டோ மூன்று பாயிண்ட் முன்னால், 10.5 விநாடி. ஆண்டர்சனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் போயிற்று. தவறிய பந்தை அவரே பிடித்தார், மறுபடி இரண்டு. அதுவும் போயிற்று. ஹூஸ்டன் ஒரு த்ரீ போட்டுச் சமன் செய்து ஓவர்டைமில் ஜெயித்தது. பத்துக்கு ஏழு போட்டுக்கொண்டிருந்தவர், இரண்டு வருஷத்தில் பத்துக்கு நான்குக்கு இறங்கினார். கையில் வித்தை இருந்தது. அந்த நான்கையும் அவர் மனசு விடவில்லை. ஜோர்டனிடமிருந்து பறித்த அதே கைதான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் என்னவோ செய்கிறது.

இப்போது உங்கள் கதை. உங்கள் சட்டப்படி பார்த்தால் உங்களுக்கே தீர்ப்பு ஆகிவிட்டது, இரண்டு ஃப்ரீ த்ரோவை விட்டவர் ஆயுளுக்கும் விட்டவர். அந்தச் சட்டத்தை லெப்ரானுக்காக இல்லாவிட்டாலும் உங்களுக்காகவாவது தூக்கிப் போடுங்கள். ஒரு மேட்ச், இரண்டு பந்து. உங்களை ஆண்டர்சனோடு சேர்க்க முடியாது. கோச் உட்கார வைக்கிற அந்த ஐந்து நிமிஷம்தான் என்.பி.ஏ. ‘கிளட்ச்’ என்று கணக்கு வைக்கிற நேரமும்: கடைசி ஐந்து நிமிஷம், ஐந்து பாயிண்டுக்குள் வித்தியாசம். அந்த நேரத்தில் பந்தைக் கொண்டுவரும் கார்டையே வெளியே வைத்தால், இருக்கிற ஓட்டை எப்போது அடைபடும் என்று அவரிடம் கேட்கலாம். சண்டை போடாமல் கேளுங்கள்.

அதற்கு முன் எனக்கு ஒன்று சொல்லுங்கள். ஃப்ரீ த்ரோ பயிற்சி எப்போது செய்கிறீர்கள்? வந்ததும், மூச்சு வாங்காத நேரத்தில், வரிசையாக ஐம்பது என்றா? பெரும்பாலான அணிகளில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். மேட்ச்சில் ஒருபோதும் அப்படிக் கிடைக்காது. ஓடி, இடிபட்டு, நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டே இரண்டுதான் கிடைக்கும். மைதானத்தை நான்கு முறை முழுதாக ஓடிவிட்டு வந்து இரண்டு எறியுங்கள். மறுபடி ஓடுங்கள், மறுபடி இரண்டு. மூன்று வாரம் செய்து, நூற்றுக்கு எத்தனை என்று குறித்து அனுப்புங்கள்.

2018 பைனல்ஸில் ஸ்கோர் தெரியாமல் பந்தைக் கூடையிலிருந்து வெளியே கொண்டு ஓடிய, லெப்ரானின் அணித்தோழர் ஜே.ஆர். ஸ்மித்தைத் தம்பி இன்னும் இழுக்காதது ஆச்சரியம். லெப்ரான் 51 பாயிண்ட் போட்ட ஆட்டம் அது. அவன் இழுக்கும்போது எழுதுங்கள், அதற்குத் தனிப் பதிலே போடலாம்.

அன்புடன்