ஊருணியில் சம்பும் ஆகாயத்தாமரையும் வெட்ட வெட்ட ஏன் வளர்கின்றன?

தொண்டிப் பக்கம் உங்கள் ஊர் ஊருணியில் ஆள் விட்டு வெட்டியும் இரண்டும் மறுபடி மண்டிவிட்டன, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடிக்கப் புழங்குகிற தண்ணீரில் மருந்து வேண்டவே வேண்டாம். இரண்டுக்கும் சாப்பாடு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஒரே மாதிரி வெட்டுவதால்தான் திரும்ப வருகின்றன.

ஆகாயத்தாமரைக்கு மண்ணே தேவையில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) தொங்கும் வேரே உறிஞ்சிக்கொள்ளும். வெயிலும் சத்தும் தாராளமாகக் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இரு மடங்காகிவிடும். ஒரு செடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். முழ நீளத்துக்கு ஊதா ஓடிய வேராக இருந்தால் தண்ணீரில் மணிச்சத்து குறைவு, தேடி அலைகிறது. வேர் குட்டையாக, இலை கொழுகொழுவென்று இருந்தால் எங்கிருந்தோ சாக்கடையோ சோப்புத் தண்ணீரோ இறங்குகிறது. அதை அடைக்காமல் செடியை மட்டும் அள்ளுவது வீண் கூலி.

கோடையில் தண்ணீர் வற்றி உவர் ஏறும்போது இலை ஓரம் கருகிச் செத்துப்போகும். ஒழிந்தது என்று நம்பிவிடாதீர்கள். விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும்.

சம்பு கதை வேறு. அதற்குச் சாப்பாடு சேற்றில். வயல் உரத்தோடு வரத்துக்காலில் வந்து படிகிற வண்டலே போதும். ஒன்றைக் கிழங்கோடு பிடுங்கினால் சேறு கன்னங்கரேலென்று, அழுகல் முட்டை வாடையோடு இருக்கும். ஆனால் வேரைச் சுற்றி மட்டும் துருப்பிடித்த செம்பழுப்பு நிறம். காற்றில்லாத சேற்றில் எந்த வேரும் மூச்சு முட்டிச் சாகும். சம்பு தன் இலைக்குள் இருக்கும் காற்றறைகள் வழியே வேருக்குக் காற்று இறக்குகிறது. அதில் கசிகிற பிராணவாயு பட்டுத்தான் சேற்றிலுள்ள இரும்பு துருவாகிறது. அதே காற்றில்லாத சேற்றில், இரும்பு பிடித்துவைத்திருந்த மணிச்சத்தும் கரைந்து விடுபடும். மற்ற செடிக்கு ஆகாத இடம் சம்புக்கு விருந்து.

ஆக, அந்தக் காற்று வழியை அடைக்க வேண்டும். நம் பக்கம் சித்திரையில் காய்ந்தபின் தீ வைப்பார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். இலை பழுக்கும்போதே சத்தில் பெரும்பகுதி கிழங்குக்குள் இறங்கிவிடும், அடுத்த மழைக்கு அது செலவுக்கு ஆகும். மார்கழி, தையில் ஊருணி நிறைந்திருக்கும்போது, பச்சையாக, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டுங்கள். வெட்டிய தட்டைக்குள் தண்ணீர் நின்றால் கிழங்கு மூச்சடைத்து அழுகும். தப்பியவை துளிர்க்கும்போது மறுபடி அதேபோல் வெட்ட வேண்டும்.

வெட்டியதைக் கரையில் குவிக்காதீர்கள். ஒரு மழை போதும், சத்து முழுக்க ஊருணிக்கே திரும்பிவிடும். ஆகாயத்தாமரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். கரைக்கு வெளிச்சரிவில் உலர்த்தினால் டிராக்டர் நடை மிச்சம். பிறகு குப்பையில் மட்கவிடலாம்.

ஒன்று மட்டும்: தண்ணீர் நுழைகிற வாயில் கொஞ்சம் சம்பை விட்டுவையுங்கள். வண்டலையும் சத்தையும் அது அங்கேயே பிடித்து நிறுத்தும், தாழைக்கோழிக்கும் கூடு கட்ட இடம் ஆகும். இதே யோசனையைச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்ப் பக்கம் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை பறவைகள் சரணாலயம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் 2025இல் சேர்ந்தவை. அங்கே அரிவாள் எடுப்பதற்குமுன் வனத்துறையைக் கேட்டாக வேண்டும்.