நாலு ஸ்நாக்

வணக்கம் ஐயா,

நான் ஓசூர்ப் பக்கம், பொறியியல் மூன்றாம் ஆண்டு. போன மாதம் பெங்களூர் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் போயிருந்தோம். அங்கே நிற்கும் மாருத் போர் விமானத்தின் அருகே படம் எடுத்துக்கொண்டோம். பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்துபோன சுரஞ்சன் தாஸ் சாலை, அந்த விமானத்தை முதன்முதலில் ஓட்டி, பின்னர் அதன் சோதனையிலேயே உயிர்விட்டவரின் பெயரில் இருப்பது என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்படிப்பட்டவர் ஏன் நம் பாடப்புத்தகத்தில் இல்லை? மாருத் ஒரு தோல்வி என்கிறார்கள். அப்படியானால் அவர் உயிர் வீணாகத்தான் போனதா? விமானங்களைப் பற்றித் தமிழில் என்ன படிக்கலாம்? நான் கொஞ்சம் பயந்த சுபாவம். எங்கள் புராஜெக்ட்டில் அளவுகள் எதிர்பார்த்தபடி வரவில்லை. குழுவில் சண்டை வேண்டாமென்று நானும் சேர்ந்து எண்களை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவரைப் போன்றவர்களுக்குத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பாடப்புத்தகக் கேள்வியை விட்டுவிடுங்கள். பாடப்புத்தகத்தில் வந்தவர்களையெல்லாம் நாம் நினைவில் வைத்திருக்கிறோமா என்ன? பெயர்ப்பலகையைப் பார்த்து, யார் என்று தேடினீர்களே, அது போதும்.

மாருத் தோல்வி என்று உங்களுக்குச் சொன்னவர் யார் என்று தெரியவில்லை. அதை அப்படியே வாங்கி எனக்கு எழுதியது நீங்கள், அதனால் உங்களிடம்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது. ஒலியின் வேகத்தைத் தாண்டவேண்டும் என்று ஜெர்மானியரான கர்ட் டாங்க்கின் குழு வரைந்த விமானம் அது. அதற்கேற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. இருந்த ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் இரண்டை வைத்துக்கொண்டு அது ஒலிவேகத்துக்கு உள்ளேயே பறந்தது. பறந்தது, 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் சண்டையும் போட்டது. ஒரு எஞ்சின் அடிபட்டும் மற்றொன்றை வைத்துத் திரும்பி வந்தது. மொத்தம் 147 செய்தார்கள். ஜெட் போர் விமான வடிவமைப்பு என்றால் வெளியிலிருந்து வாங்குவதுதான் என்றிருந்த காலத்தில், பெங்களூரில் ஒரு தலைமுறையே அதைச் செய்யக் கற்றுக்கொண்டது. இதற்குத் தோல்வி என்று பெயர் வைப்பவர்கள் வாழ்நாளில் எதையும் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி. உண்மையில் நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எண்களை மாற்றிக் கொடுத்த வரி. அதை எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறீர்கள். இரண்டும் ஒரே விஷயம் என்பது உங்களுக்குத் தெரியவில்லை. சில வாரங்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் என் சித்தப்பா.

சித்தப்பா, மாருத்தைச் செய்த பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்லில் ஃபிட்டர். அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். போன மாதம் அவர் பெட்டியை ஒழித்தபோது ஒரு சின்ன நோட்டு கிடைத்தது. பென்சிலில் எழுதியது, பாதி அழிந்திருந்தது. நட்டு, போல்ட்டு, எந்தப் பலகையை யார் கழற்றி யார் பூட்டியது என்பதுதான் பக்கம் பக்கமாக. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சோதனை விமானி என்றால் சாவுக்குப் பயப்படாமல் வானத்தில் குட்டிக்கரணம் போடுகிறவர் என்று நினைக்கிறோம். சித்தப்பா அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பறந்துட்டு வந்தவரு எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா எங்களுக்கு வயித்தைக் கலக்கும். நாலு ஸ்நாக் எழுதினாத்தான் நிம்மதியா தூங்குவோம்."

ஸ்நாக் என்றால் கோளாறு. பறக்கும்போது தட்டுப்பட்ட ஒவ்வொரு குறையும். புதிய விமானத்தை ஒரே மூச்சில் முழு வேகத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். இன்றைக்கு இந்த வேகம். அது சரியென்றால் அடுத்த முறை இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு படியிலும் ஸ்டிக்கை, அதாவது விமானத்தைத் திருப்பும் கைப்பிடியை, லேசாகத் தட்டிவிட்டு, விமானத்தில் எழுகிற நடுக்கம் தானாக அடங்குகிறதா, இல்லை கூடிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். கூடினால் இறக்கை பிய்ந்துபோகச் சில விநாடிகள் போதும். அந்த நேரத்திலும் தொடையில் கட்டிய அட்டையில் வேகம், உயரம், எரிபொருள் என்று எண்களைக் குறித்துக்கொண்டிருப்பார் அந்த மனிதர். இறங்கி வந்ததும், வடிவமைத்தவர்கள் எதிரே உட்கார்ந்து, நீங்கள் போட்ட கணக்கும் நான் பார்த்ததும் ஒத்துப்போகவில்லை என்று சொல்ல வேண்டும். அமைச்சர் காத்திருக்கலாம், பத்திரிகைகள் காத்திருக்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் போகவில்லைதான்.

மாருத்தின் நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகளையும் ஒன்றாகச் சுட்டால் விமானம் தாங்க முடியாமல் அதிர்ந்தது. அதிர்வைக் கொஞ்சம் குறைத்து எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். பின்னால் ஓட்டப்போகிற இளம் விமானியின் கதி?

தம்பி, உங்கள் குழு மாற்றியதும் இப்படிப்பட்ட எண்களைத்தான். கல்லூரி ஆய்வகம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்பீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் சொன்னேன். முதல் வேலையில் ஒரு கொதிகலனின் அழுத்தமானி சரியாகக் காட்டவில்லை. எனக்குத் தெரியும். பதிவேட்டில் முந்தைய நாள் எண்ணையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன், மூன்று நாள். மேலதிகாரிக்குப் பயம், வேறொன்றுமில்லை. நான்காம் நாள் வயதான ஆப்பரேட்டர் ஒருவர் அதைக் கவனித்துக் கொதிகலனை நிறுத்தினார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் என் கையெழுத்தை அவர் ஒருநாளும் நம்பவில்லை. ஒவ்வொரு முறையும் தானே போய்ப் பார்ப்பார். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

சுரஞ்சன் தாஸுக்கு இருந்த வசதிகளை நினைத்துப் பாருங்கள். அப்பா இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்தவர். 1961 ஜூன் 17 அன்று மாருத்தை முதல்முறை வானில் ஏற்றினார். 1964-ல் கிரண் பயிற்சி விமானத்தின் முதல் பறத்தலும் அவருடையதே. இரண்டு இந்திய ஜெட் விமானங்களை முதலில் பறக்கவைத்தவர், போதும் என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. எஞ்சின் போதவில்லை என்ற குறை தீரவில்லையே. ரீஹீட் பொருத்திய மாருத், அதாவது எஞ்சினின் வால்பக்கத்தில் மறுபடி எரிபொருளைப் பாய்ச்சி எரித்துக் கூடுதல் உந்துவிசை எடுப்பது, சோதனையில் இருந்தது. 1970 ஜனவரி 10, சனிக்கிழமை. அந்த விமானம் விழுந்தது. ஐம்பது வயதுகூட நிறையவில்லை அவருக்கு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்தேன். சித்தப்பா சைக்கிளில் ஏறாமல் அதை உருட்டிக்கொண்டே வந்தார். அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறார். சைக்கிளைத் திண்ணையில் சாய்த்துவிட்டு யாரிடமும் பேசாமல் மாடிக்குப் போனார். அம்மா சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள், அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். நாலு நாளில் பொங்கல். பானை வைத்தோம், "பொங்கலோ பொங்கல்" என்று சத்தம் போட வேண்டாமென்று அப்பா எங்களிடம் சொல்லிவிட்டார்.

அந்த விமானத்தில் தன் கை பட்டதா என்று சித்தப்பா கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அந்த நோட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. எப்போது யார் கேட்டாலும் எந்தத் திருகை யார் பூட்டியது என்று காட்டத் தயாராக வைத்திருந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. சோதனை விமானி ஏறும் முன் ஒரு பேரேட்டில் கையெழுத்துப் போடுவார். தனக்கு முன்னால் அதில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு ஃபிட்டரையும் நம்பித்தான் போடுகிறார். அந்தத் துணிச்சல் பாதி அவருடையது என்றால் மீதி பாதி இந்தப் பென்சில்காரர்களுடையது. பயந்த சுபாவம் என்று எழுதினீர்கள். சித்தப்பாவுக்குத் தெருநாயைக் கண்டாலே பயம். ஆனால் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை.

தமிழில் என்ன படிக்கலாம் என்று கேட்டதற்கு இன்னொரு நாள் எழுதுகிறேன். முதலில் திங்கட்கிழமை உங்கள் ஆசிரியரிடம் போங்கள். நண்பர்களை மாட்டிவிட வேண்டாம், உங்களைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். மாற்றாத அந்த எண்கள் எங்காவது ஒரு பழைய நோட்டில் இருக்கும், தேடி எடுத்துக்கொண்டு போங்கள். மதிப்பெண் போனால் போகட்டும். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.